லமுன் பெரியம்மா ஆடிய ஒன்பது கோயில்கள்

லமுன் பெரியம்மாவின் பித்தப்பையில் கல் இருந்தது. எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லி மூன்று தேதிகள் கொடுத்தார். முதல் தேதி வந்தபோது துரியன் பழப் பருவம், கடையில் கூட்டம் என்றாள். இரண்டாவது தேதியன்று காலையில் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தவள், பதினோரு மணிக்கு எழுந்து வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தேதிக்குக் காரணமே சொல்லவில்லை. வழக்கம்போல் கடையைத் திறந்து மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுடையது ஆவியில் வேகும் அரிசித்தாள் விற்கும் கடை. கொதிக்கும் பானையின் வாயில் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் அரிசிமாவை மெல்லிசாகப் பரப்பி, கீரையும் முட்டையும் வைத்து மூடி, ஒரு நிமிடத்தில் மூங்கில் பட்டையால் மடித்து எடுப்பாள். தாய்லாந்தின் வடக்கே எங்கள் ஊரான லப்லேயில் இப்படி இருபது கடையாவது இருக்கும். பெரியம்மா முப்பத்தொரு வருடமாக அந்தப் பானைக்குப் பின்னால் நிற்கிறாள். பானைக்குப் பின்னால் நிற்பதுதான் அவளுக்குப் பிடித்த இடம். கல்யாணமோ கோயில் திருவிழாவோ, எதற்குப் போனாலும் நேராகச் சமையல் நடக்கும் பக்கம் போய்விடுவாள். வட்டமாக நின்று ஆடத் தொடங்கும்போது எல்லாரும் ஒருவரை ஒருவர் இழுப்பார்கள். அவளை இழுக்கப் போனால் கையில் கரண்டியோ கத்தியோ இருக்கும். போட்டோ எடுத்தால் யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் பாதி முகம் தெரியும். அந்தப் பாதி முகம்தான் பெரியம்மா.

மூன்றாவது தேதியும் போன அன்று என் அம்மா, பெரியம்மாவின் தங்கை, கடைக்குச் சண்டை போடப் போனாள். நானும் கூடப் போனேன். கப்பல் ஒன்றின் சலவைக்கூடத்தில் நான்கு வருடம் வேலை செய்துவிட்டு, கையிலிருந்த காசு தீரும்வரை இன்னும் ஒன்றரை வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு, அப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

அம்மா கத்தினாள். பெரியம்மா மாவு ஊற்றினாள். அம்மா அழுதாள். அப்போதுதான் பெரியம்மா அடுப்பைத் தணித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். பாங்காக்கில் ஒரு சாமிக்கு நேர்ந்துகொண்ட கடன் பாக்கியிருக்கிறதாம். அதைத் தீர்க்காமல் அறுவை மேசையில் படுக்கமாட்டாளாம்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அவளுடைய மகன் கெங் அண்ணனுக்கு அந்த ஏப்ரலில் பட்டாளத்துச் சீட்டு எடுக்க வேண்டிய முறை. பானைக்குள் கை விட்டுச் சிவப்புச் சீட்டு எடுத்தால் இரண்டு வருடம் பட்டாளம், கறுப்புச் சீட்டு எடுத்தால் வீடு. அது தெற்கு எல்லை மாகாணங்களில் கலவர காலம். தெற்கே அனுப்பப்பட்ட பையன்களின் செய்தி தினமும் வந்துகொண்டிருந்தது. மார்ச் மாதத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் பாங்காக்குக்கு ஒன்பது கோயில் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். பெரியம்மா அதுவரை பாங்காக் போனதில்லை. கடையை மூடிவிட்டுப் போனாள். நாற்பத்திரண்டு பேர், ஒரு பஸ், ஒரே நாளில் ஒன்பது கோயில். வழிகாட்டிப் பெண்ணின் கையில் மஞ்சள் கொடி, வாயில் விசில். ஒரு கோயிலுக்குக் கால் மணி நேரம். அந்த ஒன்பதில் ஏதோ ஒரு கோயிலில், விசில் ஊதுவதற்கு முன்னால், பெரியம்மா கும்பிட்டு வேண்டிக்கொண்டாள். என் பையனுக்குக் கறுப்புச் சீட்டு வந்தால் இங்கேயே திரும்பி வந்து, உங்கள் முன்னால், நானே ஒரு பாட்டு முழுக்க ஆடுகிறேன் என்று.

கெங் அண்ணன் கறுப்பு எடுத்தார். எடுத்த கையோடு மயங்கி விழுந்தார். சிவப்பு எடுத்தவர்கள் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய் முகத்தில் தண்ணீர் தெளித்த கதையை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்புறம் ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டாள். முதல் வருடம் வெட்கம் தடுத்தது என்றாள் பெரியம்மா. இரண்டாவது வருடமும் அதேதான். மூன்றாவது வருடம் துணிந்து கிளம்ப நினைத்தபோது, எந்தக் கோயில் என்று மறந்துபோனது தெரிந்தது.

"பெரிய புத்தர். சிவப்புக் கம்பளம். மின்விசிறி சுத்திட்டு இருந்துச்சு. ஊதுபத்திச் சாம்பல் பறந்து வந்து கண்ணுல விழுந்துச்சு," என்றாள். "அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு."

"எல்லாக் கோயில்லயும்தான் விசிறி சுத்துது," என்றாள் அம்மா.

"அதத்தானே நானும் சொல்றேன்."

அம்மாவிடம் தீர்வு இருந்தது. இப்படி மறந்துபோனவர்களுக்கு என்று ஒரு வழி உண்டு. வெட்டவெளியில் மேசை போட்டு, பதினாறு ஊதுபத்தி கொளுத்தி, எல்லாச் சாமிகளையும் பொதுவாகக் கூப்பிட்டுக் கடனைச் செலுத்திவிடலாம். ஊரில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பெரியம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இருக்கும் இடத்துக்கு வருகிறேன் என்றுதானே சொன்னேன், முற்றத்தில் நின்று கூப்பிட்டு இங்கே வாங்கிக்கொண்டு போங்கள் என்று எப்படிச் சொல்வது என்றாள்.

ஏன் முட்டையோ பூமாலையோ நேர்ந்துகொள்ளாமல் ஆட்டத்தை நேர்ந்துகொண்டாள் என்று நான் கேட்டேன். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு ஊர் சுற்றியும் இது தெரியவில்லையா என்பது இருந்தது.

"முட்டை யாரு வேணும்னாலும் குடுப்பாங்க. என் பையனக் கேக்கிறேன். எனக்கு எது முடியாதோ அதத்தானே குடுக்கணும்."

சுற்றுலாவுக்கு வந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களை அன்று மாலையே போனில் பிடித்தோம். ரிட்டையர்டு டீச்சர் சங்வியன், லமுன் மணிக்கோயிலில்தான் கண் கலங்கி நின்றாள், நான் பார்த்தேன் என்றார். அது சாம்பல் விழுந்து கலங்கிய கண்ணா, வேண்டிக்கொண்டு கலங்கிய கண்ணா என்று பெரியம்மா கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. இன்னொருவர், லமுன் பஸ்ஸைவிட்டே இறங்கவில்லை, நாள் முழுக்கத் தூங்கினாள் என்றார். போனை வைத்ததும் பெரியம்மா, "இவளுக்கு அன்னிக்கும் கண்ணு தெரியாது," என்றாள்.

பெரிய புத்தர் என்பதுகூடச் சரியான ஞாபகமா என்று பெரியம்மாவுக்கே சந்தேகம் வந்து, ஒன்பதிலும் ஆடுவது என்று முடிவானது. துணைக்கு என்னை அனுப்பினார்கள். ஒன்பது கோயில்களின் பெயரையும் பெரியம்மா பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கூட்டம் குறைந்த கோயிலில் தொடங்கி, கூட்டம் அதிகமான கோயிலில் முடிக்க வேண்டும் என்பது அவள் போட்ட திட்டம். கடைசி வரியில் அரண்மனைக்குள் இருக்கும் மரகத புத்தர் கோயில்.

*

பாங்காக்கில் முதல் நாள் காலை ஆறே முக்காலுக்கு முதல் கோயிலுக்குப் போனோம். பெரியம்மா ஊதா நிற நெசவுப் பாவாடையும் வெள்ளை மேல்சட்டையும் போட்டிருந்தாள். காலில் கெங் அண்ணனின் மகளுடைய ஓட்டப்பந்தய ஷூ. எதிர்ச்சாரியில் வெள்ளைக்காரப் பையன்களின் விடுதிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. கோயிலுக்குள் ஒரு பிக்கு பெருக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பூனைகள் படுத்திருந்தன.

ஆடுவதற்கு அவளுக்குத் தெரிந்தது நாலே நாலு கை அசைவு. ஐந்தாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்த வட்ட ஆட்டத்தின் அசைவுகள். அதற்குரிய பாட்டை நான் போனில் சின்னச் சத்தமாக வைத்தேன். பெரியம்மா மூன்று முறை விழுந்து கும்பிட்டாள். தன் பெயரையும், ஊரையும், கெங் அண்ணன் சீட்டு எடுத்த வருடத்தையும் சொன்னாள். நீங்கள்தான் என்றால் தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், நீங்கள் இல்லை என்றால் தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்றாள். எழுந்து நின்றாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள், வலது பக்கம் ஒரு அடி, இடது பக்கம் ஒரு அடி வைத்தாள். உட்கார்ந்துவிட்டாள். பாட்டு பாதிகூட ஓடவில்லை.

"பெரியம்மா, பாட்டு இன்னும் முடியல."

"தெரியும்."

"முழுப் பாட்டுன்னுதானே சொன்னீங்க?"

பெரியம்மா பிக்குவைப் பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்கிக்கொண்டே இருந்தார். "இது கணக்குல வராது," என்று புத்தரிடம் சொல்லிவிட்டு மறுபடி எழுந்தாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு முழுதும் ஆடினாள். வெளியே வந்து ஷூ மாட்டும்போது காது இரண்டும் சிவந்திருந்தன. நான் எதுவும் சொல்லக் கூடாது என்பதற்காக, "ஊர் உலகமெல்லாம் சுத்துனவ, அடுத்த கோயிலுக்கு வழி தெரியுமாடி?" என்றாள். நான் போனில் வரைபடத்தைத் திறப்பதற்குள் ஆவியில் வெந்த பலகாரம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

இரண்டாவதும் மூன்றாவதும் அதே மாதிரி முடிந்தன. வாசலில் பெரிய ஊஞ்சல் நிற்கும் மூன்றாவது கோயிலில் மட்டும் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்துவிட்டது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதே நாலு அசைவு தெரியும் என்பதால், அவள் ஒன்றைத் தவறாகச் செய்தபோது திருத்தத்தான் வந்தார்கள்.

நான்காவது, நகரத் தூண் சன்னிதி. அங்கே கடன் தீர்ப்பவர்களுக்காகவே ஓரமாக ஒரு மேடை இருக்கிறது. கிரீடமும் சரிகையும் போட்ட பெண்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். காசு கட்டினால் உங்கள் பெயரைச் சொல்லி உங்களுக்குப் பதில் ஆடுவார்கள். பெரியம்மா மேடையைச் சுற்றிக்கொண்டு தூண் பக்கம் போய் ஆடத் தொடங்கியதும், ஆட்டக்காரிகளில் ஒருத்தி கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். பாட்டு முடிந்ததும் மேடையைவிட்டு இறங்கி வந்தாள்.

"அக்கா, நீங்க எதுக்குக் கஷ்டப்படறீங்க? முன்னூறு பாட் குடுத்தா நாங்க நாலு பேரு ஆடுவோம். சாமிக்கும் பாக்க நல்லா இருக்கும்."

"நானே ஆடறேன்னு சொல்லிட்டேன்மா."

"வாய் விட்டு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்காக ஆடுகிறாளாம். யார், எதற்காக வேண்டிக்கொண்டார்கள் என்று எதுவும் தெரியாதாம். லாட்டரியா, பரீட்சையா, ஓடிப்போன புருஷனா, எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்டம். பெரியம்மா வேண்டிக்கொண்டது எதற்கு என்று அவள் கேட்டாள். பட்டாளத்துச் சீட்டு என்றதும், தன் தம்பி சிவப்பு எடுத்த கதையைச் சொன்னாள். பிறகு பெரியம்மாவின் கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களைப் பின்னால் வளைத்துக் காட்டினாள்.

"மாவு ஊத்துற கையா? மணிக்கட்டு நல்லா வளையுது உங்களுக்கு. தோளத்தான் இறக்க மாட்டேங்கிறீங்க. யாரோ அடிக்க வர்ற மாதிரி நிக்கறீங்க."

பெரியம்மா தோளை இறக்கினாள். அந்தப் பெண் தாளம் தட்ட, நான்காவது கோயிலில் மறுபடி ஒரு முறை ஆடினாள். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு ஆடினாள்.

படுத்திருக்கும் புத்தர் கோயிலில் நிற்கவே முடியவில்லை. நீளமான மண்டபம், குறுகலான வழி, முன்னாலும் பின்னாலும் சுற்றுலாக்காரர்கள். ஓரமாக வரிசையாக வைத்த நூற்றெட்டுக் கிண்ணங்களில் ஆளாளுக்குச் சில்லறை போடுகிற சத்தம். நின்றால் பின்னால் வருபவர் இடிப்பார். பெரியம்மா ஒரு நொடி யோசித்தாள். பிறகு கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே ஆடினாள். புத்தரின் தலைமாட்டில் தொடங்கிய பாட்டு, அவர் பாதத்துக்கு வரும்போது முடிந்தது. பின்னால் வந்த கொரியக் குடும்பம் அதுதான் அங்கே நடக்கும் முறை என்று நினைத்ததோ என்னவோ, அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் நால்வரும் கையைத் தூக்கி அசைத்துக்கொண்டே வந்தார்கள்.

ஆற்றைத் தாண்டி விடியல் கோயிலில் சங்கடம் வேறு மாதிரி வந்தது. அங்கே பாதிப் பேர் வாடகைக்கு எடுத்த பட்டு உடையும் பொய் நகையும் போட்டுக்கொண்டு படம் எடுக்க வந்தவர்கள். பெரியம்மா ஆடுவதைப் பார்த்ததும் கோயில்காரர்கள் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்துக் கூடிவிட்டார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். ஒருவர் அவள் காலடியில் நூறு பாட் நோட்டை வைத்துவிட்டுப் போனார். பெரியம்மா பாம்பைப் பார்த்தது மாதிரி பின்னால் நகர்ந்தாள்.

"எடுத்துப் பெட்டியில போடு. சீக்கிரம். நான் காசுக்கு ஆடினேன்னு சாமி நினைச்சுக்கப் போறாரு."

நான் போட்டுவிட்டு வந்தேன். அது போதவில்லை. நடந்ததைப் புத்தரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று பெரியம்மா மறுபடி உள்ளே போய், அந்த ஆள் வெளியூர்க்காரர், தெரியாமல் வைத்துவிட்டார், அவர்மேல் கோபம் வேண்டாம் என்று ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

மணிக்கோயிலில் சங்வியன் டீச்சர் சொன்னதை நினைத்து இரண்டு பேரும் எதிர்பார்ப்போடு போனோம். சிவப்புக் கம்பளம் இருந்தது. மின்விசிறி இருந்தது. பெரியம்மா ஆடிவிட்டு உட்கார்ந்து வெகுநேரம் புத்தரின் முகத்தைப் பார்த்தாள். இவரா என்று கேட்டேன். தெரியவில்லை, நல்ல முகம் என்றாள்.

*

எட்டாவது பொன்மலை. நகரத்துக்கு நடுவே குன்றுபோல் எழுப்பி உச்சியில் தங்கத் தூபி வைத்த இடம். சுற்றிச் சுற்றி முந்நூறு படிக்கு மேல் ஏற வேண்டும். பெரியம்மா அன்று காலையிலிருந்து கஞ்சியைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. எண்ணெய்ப் பலகாரம் எதையும் தொடவில்லை. ஆனாலும் பாதிப் படியில் வலி வந்துவிட்டது. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. உதட்டில் நிறமே இல்லை. அவளுக்கு வலி வந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அம்மா ஏன் கடையில் அழுதாள் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

இந்தக் கோயிலுக்கு அன்றைக்கு ஏறினாளா என்றே அவளுக்கு நிச்சயமில்லை. வயதானவர்கள் கீழேயே இருந்துவிட்டார்கள், பெரியம்மா அவர்களோடு இருந்தாளா, மேலே போனாளா என்று ஞாபகமில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கீழேயே ஒரு புத்தர் இருக்கிறார், அவர் முன்னால் ஆடினால் போதும், மிச்சத்தை அம்மா சொன்னபடி முற்றத்தில் மேசை போட்டு முடித்துவிடலாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன். படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியம்மா முதலில் மூச்சைச் சீராக்கிக்கொண்டாள்.

"ஒண்ண விட்டுட்டுப் போறேன்னு வெச்சுக்க," என்றாள். "அந்த ஒண்ணுதான் அதுன்னு இருந்தா? மயக்க ஊசி போடறப்ப எனக்கு அதுதானே ஞாபகம் வரும். செத்துப்போயிடுவேன்னு பயமில்லடி. பொய் சொன்னவளாப் போய்ப் படுக்கணுமேன்னுதான் பயமா இருக்கு."

"சாமி கோவிச்சுக்க மாட்டாரு பெரியம்மா."

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு. பதினேழு வருஷமா கோவிச்சுக்கல. கெங்குக்குக் கல்யாணம் ஆச்சு, புள்ள பொறந்துச்சு, கடை நல்லா ஓடுது. ஒரு தடவ கூட வந்து கேக்கல." கையை விலாவிலிருந்து எடுத்துப் பார்த்தாள், வலி போய்விட்டதா என்று சோதிப்பதுபோல். "கேக்காதவங்ககிட்டதான் கடன் வெச்சிருக்கக் கூடாது."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண்மணி மருந்துக் குப்பியைத் திறந்து முகரக் கொடுத்தார். இன்னொருவர் இளநீர் கொண்டுவந்தார். வலி மெல்ல இறங்கியது. பெரியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கீழே பார்க்காமல் மேலே நடந்தாள். நான் பின்னால் ஒரு படி தள்ளி, விழுந்தால் பிடித்துக்கொள்ள வசதியாக வந்தேன். உச்சியில் காற்று நன்றாக இருந்தது. நகரம் முழுதும் தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தூபியைப் பார்த்து, காலைத் தூக்காமல், கையை மட்டும் அசைத்து ஒரு பாட்டு முழுக்க ஆடினாள். கால் அசையாதது கணக்கில் வருமா என்று அவள் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை.

அரண்மனை அதற்குள் மூடியிருந்தது. ஒன்பதாவதை மறுநாளைக்கு வைத்தோம். விடுதியில் அவளுக்கு வெறும் சோற்றுக் கஞ்சி வாங்கிக் கொடுத்தேன்.

*

மறுநாள் காலை அரண்மனை வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். என் கால்சட்டையில் முழங்கால் பக்கம் பேஷனுக்கென்று கிழித்துவிட்ட ஓட்டை இருந்தது. எதிரே கடைக்குப் போய் யானை படம் போட்ட தொளதொள கால்சட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தேன். பெரியம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்தனை நாட்டுக்குப் போனவள நம்ம ஊரு வாசல்ல வெளியூர்க்காரியாக்கிட்டாங்களே."

உள்ளூர்க்காரர்களுக்கு டிக்கெட் வேண்டியதில்லை, தனி வழி. நாங்கள் அந்த வழியில் போனபோது, யானைக் கால்சட்டையைப் பார்த்துக் காவலர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். நான் எங்கள் நாட்டுப் பேச்சில் பதில் சொன்னதும் வெட்கப்பட்டார். பெரியம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. முந்தைய நாள் வலிக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

மரகத புத்தர் மண்டபத்துக்குள் நிற்க முடியாது, உட்கார வேண்டும். பாதம் சாமிப் பக்கம் நீட்டக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. போன் சத்தம் கூடாது. சீருடை போட்ட பெண் ஊழியர் ஒருவர் ஓரமாக நின்று, கும்பிட்டவர்களை நகரச் சொல்லி, பின்னால் வருபவர்களுக்கு இடம் செய்துகொண்டிருந்தார். பெரியம்மா குனிந்தபடியே அவரிடம் போனாள். ஒளித்து எதையும் செய்ய மனமில்லாதவள் அவள். எல்லா விவரத்தையும் சொன்னாள். பதினேழு வருடம், கறுப்புச் சீட்டு, எட்டுக் கோயில், பித்தப்பைக் கல் வரை.

ஊழியர் முழுவதையும் கேட்டார்.

"இங்க ஆட முடியாதும்மா," என்றார். "யாருக்குமே அனுமதி இல்ல. நான் விட்டாலும் என்னைக் கேப்பாங்க."

"சரிம்மா. உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்."

"கும்பிட்டுக்குங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காருங்க."

பெரியம்மா நடுவில் போய் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். உயரத்தில், தங்க அடுக்குகளின் உச்சியில், பச்சையாகச் சிறிய புத்தர். சுற்றிலும் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்த மனிதர்கள், அண்ணாந்து பார்த்துக்கொண்டு. பெரியம்மா மூன்று முறை கும்பிட்டாள். பெயர், ஊர், வருடம் சொன்னாள். நீங்கள்தான் என்றால் மன்னிக்க வேண்டும், நீங்கள் இல்லை என்றாலும் மன்னிக்க வேண்டும் என்பதைச் சொன்னாள். பிறகு கூப்பிய கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். சரி, முடிந்தது, கிளம்புவாள் என்று நினைத்தேன்.

அவள் விரல்கள் அசைந்தன. கட்டைவிரல் உள்ளே மடங்கியது, மற்ற நான்கும் பின்னால் வளைந்தன, மணிக்கட்டு திரும்பியது. மடியைவிட்டு ஓர் அங்குலம்கூடக் கை எழும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே தெரிந்திருக்காது. தோள் இறங்கியிருந்தது. பாட்டு இல்லாததால் நான் அவள் முதுகில் ஒரு விரலால் தாளம் தட்டினேன். முதல் அசைவு, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, மறுபடி முதலிலிருந்து. ஒரு பாட்டு எத்தனை சுற்று என்று முந்தைய நாள் எட்டுக் கோயிலிலும் கேட்டு எனக்கு மனப்பாடமாகியிருந்தது. ஆறு சுற்று.

மூன்றாவது சுற்றில் ஊழியர் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எங்களை நகரச் சொல்லப் போகிறார் என்று என் விரல் தயங்கியது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, வருபவர்களை வேறு பக்கமாகப் போகச் சொல்லிக் கைகாட்டினார். நான் தட்டுவதைத் தொடர்ந்தேன். ஆறாவது சுற்று முடிந்ததும் பெரியம்மா கையை மடியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கும்பிட்டாள். எழுந்து போகும்போது ஊழியரைத் திரும்பிப் பார்த்தாள். தலையைக் குனிந்தாள். அவரும் குனிந்தார்.

வெளியே மதில் நிழலில் உட்கார்ந்ததும் போனை வாங்கினாள். ஆஸ்பத்திரிக்கு அவளே பேசினாள். எடுத்த நர்ஸ் லப்லேக்காரப் பெண், பெரியம்மா கடையில் வாரம் இரண்டு நாள் சாப்பிடுகிறவள். இந்தத் தடவையாவது வருவீர்களா, இல்லை இதற்கும் ஒரு துரியன் பழுக்குமா என்று அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது. வருகிறேன், நாளைக்கே என்றாலும் சரி என்றாள் பெரியம்மா. வியாழக்கிழமை என்று முடிவானது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று எழுத வேண்டும், காரணம் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ்.

"பாங்காக்ல ஒரு வேலை இருந்துச்சுன்னு எழுதிக்கம்மா. முடிஞ்சிருச்சு."

ஊருக்கு பஸ் மாலையில்தான். நடுவில் ஐந்து மணி நேரம் இருந்தது. இரண்டு தடவை பாங்காக் வந்து இரண்டு தடவையும் கோயிலைத் தவிர எதையும் பார்க்கவில்லையே, எங்கே போகலாம் என்று கேட்டேன். கடைத்தெரு, ஆற்றுப் படகு, கண்ணாடிக் கட்டடத்தின் உச்சி என்று வரிசையாகச் சொன்னேன். படி ஏறாத இடமாகச் சொல் என்றாள். கடைசியில், தலைக்கு மேலே ஓடும் ரயிலில் உட்கார்ந்து அது எங்கே முடிகிறதோ அதுவரை போய்விட்டு வரலாம் என்று முடிவு செய்தாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குளிர் காற்று வந்தது. முதல் இரண்டு நிலையம் வரை கட்டடங்களைப் பார்த்தாள், மாடியில் துணி காயப் போட்டிருப்பவர்களைப் பார்த்து இவர்களுக்கு எப்படி வெயில் கிடைக்கும் என்று கேட்டாள். மூன்றாவது நிலையத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நன்றாக, வாய் லேசாகத் திறந்து, குறட்டையோடு தூங்கினாள். நிலையங்கள் வந்தன, போயின. கூட்டம் ஏறி, கூட்டம் இறங்கி, கடைசியில் பெட்டி காலியானது. இதுதான் கடைசி நிலையம், எல்லாரும் இறங்குங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. நான் அவளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறந்தவள், வெள்ளை விளக்கையும் காலி இருக்கைகளையும் பார்த்தாள். கை தானாக விலாவுக்குப் போனது.

"எடுத்துட்டாங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல பெரியம்மா. வியாழக்கிழமைதான்."

"சரி," என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.